தள்ளிக்கொண்டு போக ஒரு ஸ்கூட்டர்

1

போன மாதம் என் மகள் லீனா ஒரு ஸ்கூட்டர் கட்டி முடித்தாள். ஓட்டுகிற ஸ்கூட்டர் இல்லை. பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, ஒன்றின் தலைமேல் இன்னொன்றை வைத்து அழுத்தினால் ‘டிக்’கென்று பிடித்துக்கொள்ளுமே, அவற்றால் கட்டியது. பதினேழு வயதுப் பெண் பொம்மை வண்டி கட்டியதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன். இப்போது அந்த வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறு நகரம். இங்கே வளர்ந்த மனிதர்கள்கூட, தலை நரைத்த பல் டாக்டர் உட்பட, வாரக் கடைசியில் நகரக் கூடத்தில் கூடி இந்தக் கட்டைகளை அடுக்குகிறார்கள். அதற்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு செயலாளர், செயலாளருக்கு ஒரு முத்திரை. இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தாலும் அதற்குச் சட்டதிட்டம் எழுதிவிடுவார்கள்.

இந்த வருஷக் கண்காட்சிக்குத் தலைப்பு ‘நாளைய வண்டி’. பசை போடக் கூடாது. வண்ணம் அடிக்கக் கூடாது. மேசையில் வைத்தால் தானாக நிற்க வேண்டும். வடிவத்தை முன்கூட்டியே வரைந்து பதிவு செய்ய வேண்டும். கட்டியவர் மேடையேறி, யாருக்காக இந்த வண்டி, ஏன் இப்படி என்று சொல்ல வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அதுவும் நேரில் வந்து செயலாளர் கண்ணெதிரே போட்டால்தான் செல்லும். அரை நாள் லீவு போட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என்னத்துக்குப் போடுகிறேன் என்று அப்போது தெரியாது.

2

மற்றப் பிள்ளைகள் எல்லாம் பறக்கிற வண்டி கட்டினார்கள். இறக்கை வைத்தது, காற்றாடி வைத்தது, தண்ணீருக்குள் முங்குவது. லீனா அதையெல்லாம் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“பறக்கறதெல்லாம் வேணாம்பா. தாத்தா ஓட்டறாரே, அந்த மாதிரி ஸ்கூட்டர். ஆனா ரொம்ப வருஷம் கழிச்சு வர்றது,” என்றாள்.

எனக்கு ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை. உருக்கி வார்த்து வரும் பாகங்கள் அளவு சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஆகவே உதவி கேட்பாள் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கவில்லை. சதுரக் கட்டையில் வளைவு எப்படி வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கீல் வைத்த சிறு துண்டுகளால் ஒவ்வொன்றாகச் சாய்த்து, முன்பக்கத் தகட்டை முறத்தின் வளைவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அது அடிக்கடி கழன்று விழுந்தது. ஜெர்மன் மொழியில் திட்டிவிட்டுத் திரும்ப மாட்டினாள். சக்கரங்களுக்கு நடுவில் அச்சே கிடையாது, வெறும் வளையம். வளையம் சின்னச் சின்ன உருளைகளின் மேல் உட்கார்ந்து சுற்ற வேண்டும். “சுத்தாதும்மா,” என்றேன். சுற்றியது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டி நின்றது. அந்த ஒரு துண்டை மாற்றினாள், அதுவும் சரியாகிவிட்டது.

கால் வைக்கிற பலகை மட்டும் இந்தக் காலத்து ஸ்கூட்டர்களில் இருப்பதைவிட அகலம். “தாத்தா அரிசி மூட்டை வைப்பாரு இல்ல?” என்றாள். வெள்ளை உடம்பு, மாம்பழ மஞ்சளில் கோடு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

கடைசியாக இடது பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்தாள். மடக்கினால் வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே இழுத்தால் இருக்கை தாழும், உள்ளே இரண்டு பல்சக்கரம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், வண்டி ஆமை வேகத்தில் தானே நகரும்.

“இது எதுக்கும்மா?” என்றேன்.

“அந்தத் தெருவுக்குப்பா. தாத்தா இறங்கித் தள்ளிக்கினு போவாரே. வண்டி எவ்ளோ வெயிட்டு, பாவம். இனிமே தள்ள வேணாம். இதைப் பிடிச்சுக்கினு அவரு சும்மா நடந்தா போதும், வண்டி கூடவே வரும்.”

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

3

எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் ஏரிக்கு இந்தப் பக்கம். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், “ஓ, அந்த ஊர்லயா,” என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

எங்கள் வீடு காலனியில். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. தெருமுனையில் இறங்கி, அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போய், அப்புறம் ஏற வேண்டும். செருப்புக் கதை, டீக்கடை கிளாஸ் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனா அரசுப் பேருந்து ஓட்டியவர். காலையில் அதே ஊர்த்தெரு வழியாக டவுன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போவார். தெரு ஜனம் முழுக்க அந்த பஸ்ஸுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஹாரன் அடித்தால் பெரிய பெரிய மீசையெல்லாம் ஒதுங்கி வழி விடும். சாயங்காலம் டிப்போவிலிருந்து தன் ஸ்கூட்டரில் திரும்புகிற அதே மனிதர் தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார். காக்கிச் சட்டையோடு தள்ளிக்கொண்டு போவார்.

“பஸ்ஸு கெவர்மெண்ட்டுதுடா. ஸ்கூட்டரு நம்முளுது,” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

இன்றைக்கு யாரும் இறங்கச் சொல்வதில்லை. காலனிப் பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேர் உட்கார்ந்து சர்ரென்று போகிறார்கள். அதற்கு ஒருமுறை கைகலப்பு ஆகி, போலீஸ் வந்து, பேசி முடித்தார்கள். அதோடு சரி. நைனா மட்டும் இன்னும் இறங்குகிறார். மூட்டு தேய்ந்து, மேல்மூச்சு வாங்க, அதே இடத்தில் இறங்குகிறார்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது லீனா அவர் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நான் தம்பியின் பைக்கை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். தெருமுனை வந்ததும், “இறங்கு பாப்பா,” என்றார். நானும் நின்றேன். நின்றேன் என்பதை எழுதாமல் விட முடியாது.

லீனா இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். “இது நடக்கறவங்க தெருவா தாத்தா?” என்றாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். இங்கே ஜெர்மனியில் கடைத்தெருக்களின் முகப்பில் ஒரு பலகை இருக்கும்: சைக்கிளில் வருவோர் இறங்கவும். வந்த புதிதில் அகராதியைப் பார்த்து அதன் பொருளைக் கண்டுபிடித்ததும் எனக்குக் காது சூடேறிவிட்டது. யாரை இறங்கச் சொல்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தேன். எல்லோரையும்தான். கோட்டு போட்டவர் இறங்கினார், கூடையில் நாய்க்குட்டி வைத்திருந்த கிழவி இறங்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லோரும் தள்ளிக்கொண்டு போனார்கள். என் மகள் அப்படிப்பட்ட தெருக்களைப் பார்த்து வளர்ந்தவள்.

“ஆமா பாப்பா, நடக்கறவங்க தெருதான்,” என்றார் நைனா.

அந்நேரம் பார்த்துக் காலனிப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

“அப்ப அந்த அண்ணனுங்க மட்டும் ஓட்டிக்கினு போறாங்க?”

“அதுங்க ரூல்ஸ் மதிக்காத பசங்க பாப்பா,” என்றார்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். லீனா அந்தப் பையன்களை முறைத்துவிட்டுத் தாத்தாவோடு சேர்ந்து ஸ்கூட்டரைத் தள்ளினாள்.

4

இங்கே ஜெர்மனியில், எங்கள் நகரத் தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் இருக்கிறார். பொருளாளர் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக யார் வந்தாலும் முதல் ஆளாகக் கைகுலுக்குவார். என்னிடமும் குலுக்கினார்.

“காஞ்சிபுரமா? காஞ்சிபுரத்துல எங்க சார்?”

“தாமல் பக்கம்.”

“தாமல்ல எங்க?”

“பக்கத்துல.”

“பட்டு ஃபேமிலியா? குலதெய்வம் எது உங்களுக்கு?”

கடல் தாண்டி வந்தாலும் இந்த மூக்கு மட்டும் ஜலதோஷம் பிடிக்காமல் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு வந்து இதே கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பிக் கேட்பார். நானும் வருஷாவருஷம் வழவழவென்று எதையாவது சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். மேடையேறினால் யாதும் ஊரே என்பார்கள். இறங்கினதும் எந்த ஊர், எந்தத் தெரு என்பார்கள்.

அவருடைய மகனும் இந்தக் கண்காட்சியில் இருந்தான், காற்றாடி வைத்த வண்டி அவனுடையதுதான். ஆகையால் அவர் முன்வரிசையில் இருப்பார். லீனா மேடையேறித் தாத்தாவின் தெருவைப் பற்றிச் சொல்வாள். ஜெர்மன்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது, கைதட்டுவார்கள். பொருளாளருக்கு நொடியில் விளங்கிவிடும். மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார்.

எனக்கு முதலில் வந்த பயம் மகளுக்காக வந்ததில்லை. அந்த ஆள் என்னைக் கண்டுபிடித்துவிடுவானே என்றுதான் வந்தது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் லீனா வீடியோ காலில் தாத்தாவுக்கு வண்டியைக் காட்டினாள். கைப்பிடியை இழுத்து, எப்படி நகர்கிறது என்று செய்து காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“சூப்பரா இருக்குது பாப்பா. இத மாதிரி ஒண்ணு வந்தா எனக்குக் கால்வலியே இருக்காது,” என்றார்.

சந்தோஷமாகத்தான் சொன்னார். தள்ளுவது சுலபமாகிவிடும் என்ற சந்தோஷம். நான் போனுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருஷம் கழித்து வரப்போகிற வண்டி, அச்சில்லாத சக்கரம், எல்லாம் இருக்கிறது. அந்தத் தெருமுனையும் அப்படியே இருக்கிறது, அதில் என் அப்பன் இறங்குகிறான்.

“சொல்லிடுங்க,” என்றாள் என் மனைவி. “மேடையில அவ சொன்னப்புறம் அந்த ஆளு விளக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.”

5

கண்காட்சி மதியத்துக்கு மேல். காலையில் லீனா வீட்டுக் கூடத்தில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன் மொழியில்தான். ‘என் தாத்தாவின் ஊரில் ஓர் அழகான வழக்கம் உண்டு. ஒரு தெருவுக்கு மரியாதை கொடுத்து, மக்கள் வண்டியிலிருந்து இறங்கி நடந்து போவார்கள்.’

“நிறுத்தும்மா,” என்றேன்.

சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன். பெரிய விஷயம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது, சொல்லும்போது நாலு வாக்கியம்கூட வரவில்லை.

“யார் இறங்கச் சொன்னாங்க?” என்றாள்.

“யாரும்னு இல்ல. எல்லாரும்தான்.”

“போர்டு இருக்குதா?”

“போர்டு வச்சா கேஸ் போட்டுடலாமே. போர்டெல்லாம் கிடையாது.”

“அப்ப யாரு இறங்கணும்னு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்மா.”

“எனக்குத் தெரியலியே. நானும் இறங்கினேனே.” வண்டியின் கைப்பிடியை ஒருமுறை வெளியே இழுத்து மடக்கினாள். “அந்த அண்ணனுங்கள தாத்தா, ரூல்ஸ் மதிக்காத பசங்கன்னு சொன்னாரு. நீ தலையாட்டினே.”

“ஆமா.”

“சீ,” என்றாள்.

அழவில்லை, கத்தவில்லை. அந்த ஒரு ‘சீ’தான். தெருவையா, தாத்தாவையா, என்னையா, யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு உட்கார்ந்து கைப்பிடியைப் பிடுங்கினாள். அது சும்மா வராது. பல்சக்கரம் உள்ளே சட்டத்தோடு பின்னியிருந்தது, அதை எடுக்க இருக்கையைக் கழற்ற வேண்டும், இருக்கையைக் கழற்ற இடது பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். எத்தனையோ சாயங்காலங்களில் சேர்த்ததைச் சாப்பிடாமல் உட்கார்ந்து பிரித்தாள். இருக்கையை உயர்த்தி, அசையாதபடி இறுக்கி மாட்டினாள். குமிழ்களை மூடுகிற பளபளப்பான மேல்துண்டுகள் போதவில்லை. கைப்பிடி இருந்த இடத்தில் கட்டைகளின் குமிழ்கள் மொட்டை மொட்டையாகத் தெரிந்தன. அப்படியே அட்டைப்பெட்டியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

6

செயலாளர் பதிவு செய்த படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் கைப்பிடி இருக்கிறது, வண்டியில் இல்லை. மாற்றம் செய்வதானால் எழுத்து மூலம் முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும், ஆகவே மதிப்பெண் குறையும் என்றார். குறையட்டும் என்றாள் லீனா.

மேடையில் அவள் சொன்னது இவ்வளவுதான். “என் தாத்தா பஸ் ஓட்டியவர். இந்த ஸ்கூட்டர் அவருக்கு. ஒரு தெருவில் அவர் இறங்கித் தள்ளுவார், அது சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு கைப்பிடி வைத்திருந்தேன். எங்கள் சாதி ஆட்களை மட்டும்தான் அந்தத் தெரு இறங்க வைத்தது என்று இன்றைக்குக் காலையில் அப்பா சொன்னார். எடுத்துவிட்டேன்.”

கூடம் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தது. பல் டாக்டர் மட்டும் குனிந்து அந்த மொட்டைக் குமிழ்களைத் தொட்டுப் பார்த்தார். செயலாளர் என்னிடம் வந்து, உங்கள் தந்தை ஏன் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் புகார் மனு கொடுக்கவில்லை என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பொருளாளர் கழுத்தைத் திருப்பினார், நான் நினைத்த அதே வேகத்தில். அப்புறம் காபி வைத்திருந்த மேசையருகே என்னைப் பிடித்தார்.

“என்ன சார் இது, இதையெல்லாம் வெள்ளைக்காரன் முன்னாடி சொல்லணுமா? நம்ம பேருதானே கெடுது?”

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் ‘நம்ம’ என்ற சொல்லுக்குள் நான் சேர்ந்தது அன்றைக்குத்தான். பேர் கெடும்போது மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

“தாமல் பக்கத்துல எங்கன்னு கேட்டுக்கினே இருந்தீங்களே சார். அந்தத் தெருதான்,” என்றேன்.

காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பரிசு காற்றாடி வண்டிக்குக் கிடைத்தது. அது பறக்கவில்லை.

7

மறுநாள் நைனா கூப்பிட்டார். “ஸ்கூட்டர காட்டு பாப்பா, பிரைஸ் வந்துச்சா?” லீனா வண்டியைப் போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“கைப்பிடி எங்க?”

“எடுத்துட்டேன் தாத்தா.”

“ஏன் பாப்பா, நல்லா இருந்துச்சே.”

“அப்பா சொல்லிட்டாரு.”

நைனா என்னைத் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“அதெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்ல பாப்பா. நானே ஒரு பழக்கத்துல இறங்கிடறேன்.”

“இறங்காதே.”

“இறங்காம போனா எனக்கே ஒரு மாதிரி இருக்குதும்மா. யாரோ முதுகையே பாத்துக்கினு இருக்கற மாதிரி.”

ஆயுசு முழுக்க எத்தனையோ பேரைப் பின்னால் உட்காரவைத்து பஸ் ஓட்டிய முதுகு அது. அப்போதும் அத்தனை பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது அவருக்குக் கூசவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிக் கத்தலாம் போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

லீனா வண்டியைக் கீழே வைத்தாள்.

“பொங்கலுக்கு வரேன் தாத்தா. அதுக்குள்ள எனக்குப் பதினெட்டு ஆயிடும். நான் ஓட்டறேன், நீ பின்னாடி உக்காரு. நான் இறங்கச் சொல்ல மாட்டேன்.”

நைனா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பழைய டிரைவர் குரலில் கேட்டார்.

“லைசென்ஸ் வேணுமே. எட்டு போடத் தெரியுமா உனக்கு?” என்று ஒரு விரலால் காற்றில் வளைத்து வளைத்து எட்டுப் போட்டுக் காட்டினார்.

“அந்தத் தெருவுல வளைவே கிடையாது தாத்தா,” என்றாள் லீனா. “நேர் ரோடுதான்.”